சீழைக் கரைத்த இரு நொதிகள்

நுரையீரல் காய்ச்சல் கண்டவர்களுள் சிலருக்கு நுரையீரலைச் சூழ்ந்த உறைக்குள் சீழ் கட்டிக்கொள்வதுண்டு. அதை வெளியேற்றாவிடில் உயிருக்கே ஆபத்து. விலாவைக் கீறிச் சீழ் எடுக்கும் முறையைக் கிரேக்க வைத்தியர் ஹிப்போகிராட்டீஸின் காலத்தவரே அறிந்திருந்தனர். ஆனால், சீழ் கெட்டிப்பட்டு, உள்ளே ஜவ்வுபோல் தடுப்புகள் எழுந்துவிட்டால், குழாய் பொருத்தியும் அது வடிவதில்லை.

இதற்கு ஒரு வழி, நோய் தரும் கிருமியிடமிருந்தே கிடைத்தது என்பதை அறிந்தால் நாம் வியப்புறுவோம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளிடம் தோன்றும் ஒரு பொருள், உறைந்த இரத்தத்திலுள்ள நாரைக் கரைக்கச் செய்வதை 1933-இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் டில்லட் கண்டறிந்தார். அவரும் ஸால் ஷெர்ரியும் அக்கிருமிகளிடமிருந்து பெற்ற நொதிக் கலவையை நோயாளிகளின் மார்பினுள் செலுத்தி, சீழ் இளகுவதைக் கண்டு, 1949-இல் எழுதினர். கலவையில் இரு நொதிகள் இருந்தன. ஸ்ட்ரெப்டோகைனேஸ் நார் கரைய உதவிற்று. மடிந்த அணுக்களிலிருந்து வெளிப்பட்டுச் சீழைப் பிசுபிசுப்பாக்கும் டி.என்.ஏ.வை மற்றது சிதைத்தது.

பின்னாளில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் தூய்மைப்படுத்தப்பட்டது. மாரடைப்புக்கு மருந்தாகிப் புகழும் பெற்றது. சீழுக்கும் அதைத் தனித்தே வழங்கினர். ஆயினும், 2005-இல் பிரிட்டனில் வெளியான பெரிய சோதனையில், அதனால் மரணமோ அறுவைச் சிகிச்சையோ குறையவில்லை என்று தெரிந்தது. துணை நொதி நீங்கியதும் இத்தோல்விக்கு ஒரு காரணமாகலாம்.

ஆகவே, ஆராய்ச்சியாளர் பழைய கூட்டை நாடினர். இம்முறை எடுத்துக்கொண்ட இரண்டும் வேறு நோய்களுக்கென வந்தவை. ஆல்ட்டிபிளேஸ், மாரடைப்புக்காக 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டோர்னேஸ் ஆல்ஃபா, சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்னும் பரம்பரை நோயில் கெட்டிப்படும் சளியை இளக்க 1993-இல் அனுமதி பெற்றது. 210 நோயாளிகளை நான்கு குழுக்களாக்கி நடத்திய சோதனையின் முடிவு 2011-இல் வெளிவந்தது. தனித்தனியே அளித்தபோது இரண்டும் பயன்படவில்லை. சேர்த்து அளித்தபோதோ, சீழ் நன்கு வடிந்தது. மூன்று மாதத்திற்குள் அறுவைக்கு அனுப்பப்பட்டோர், வெறும் திரவம் பெற்ற குழுவில் நூற்றுக்கு 16 பேராயிருக்க, இங்கு 4 பேரே. மருத்துவமனையில் தங்கும் காலமும் சராசரி 6.7 நாள் குறைந்தது.

இந்நொதிகள் கிருமியைக் கொல்வனவல்ல. அப்பணி கிருமிக்கொல்லி மருந்துகளுடையது. இரத்தக்கசிவு நேரக்கூடுமாதலால், மருத்துவர் ஆராய்ந்தே இவற்றை அளிக்க வேண்டும். 1949-இல் ஒரே கலவையில் வந்த இரு பணிகள், அறுபதாண்டுக்கு மேலான பின்னர் மீண்டும் ஒன்று சேர்ந்தன. ஒரு மருந்தைத் தூய்மை செய்கையில், அதனுடன் நீங்குவது இன்னதென்றும் பார்க்க வேண்டும் என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம்.