வாயிலைத் திறக்கும் உரிமை

ஒருவர் குடியிருக்கும் அறையைச் சோதிக்கப் போலீசார் வருகின்றனர். நீதிபதி அளித்த வாரண்டு அவர்களிடம் இல்லை. அறைக்கு உரியவரும் அங்கு இல்லை. வேறொருவர் முன்வந்து, ‘தாராளமாகப் பாருங்கள்’ என்று கதவைத் திறந்துவிடுகிறார். அந்த இசைவு செல்லுமா? சிறியதாகத் தோன்றும் இவ்வினாவை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வந்துள்ளன. அவ்வரலாற்றை மாணவ நண்பர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1762ஆம் ஆண்டு நவம்பர் திங்களில், எழுத்தாளர் ஜான் என்டிக்கின் இல்லத்தில் அரசின் ஏவலர்கள் புகுந்தனர். அவர்கள் கையில் இருந்தது அமைச்சர் ஹாலிபாக்ஸ் பிரபுவின் ஆணை. நான்கு மணி நேரம் பெட்டிகளை உடைத்துத் தேடி, தாள்களை வாரிச் சென்றனர். என்டிக் வழக்குத் தொடுத்தார். 1765இல் தீர்ப்பளித்த காம்டன் பிரபு, சட்டம் இடந்தராத நுழைவு அமைச்சரின் ஆணையால் நிகழ்ந்தாலும் அத்துமீறலே என்று முடிவு கூறினார்.

அமெரிக்கக் குடியேற்றங்களிலும் சுங்க அதிகாரிகள் பொது ஆணைகளைக் காட்டி வீடுகளைச் சோதித்து வந்தனர். 1761இல் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் ஓட்டிஸ் அவற்றை எதிர்த்து வாதிட்டார். வழக்கு தோற்றது, வாதம் மக்கள் நெஞ்சில் நின்றது. இத்தகைய அனுபவங்களின் விளைவே 1791இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் நான்காம் திருத்தம். நியாயமற்ற சோதனையை அது தடுக்கிறது; தக்க காரணமின்றி வாரண்டு பிறத்தலாகாது என்கிறது.

ஆயினும், உரியவரே இசைந்தால் வாரண்டு வேண்டுவதில்லை. உரியவர் யார் என்பதில்தான் சிக்கல் எழுந்தது.

1961இல் ஜார்ஜியா மாநிலத்து வழக்கொன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வாடகை வீட்டில் கள்ளச் சாராயம் காய்ச்சுவதாக வீட்டுக்காரர் ஐயுற்றார். அவர் இசைவுடன் போலீசார் சன்னல் வழியே உட்புகுந்தனர். வீட்டின் உடைமை அவருடையதேயாயினும், அங்கு வாழ்பவரின் தனிமையை விட்டுக்கொடுக்கும் உரிமை அவருக்கு இல்லை என்றது நீதிமன்றம்.

1964இல் வந்தது புகழ்பெற்ற ஸ்டோனர் வழக்கு. கலிபோர்னியாவில் ஒரு கடை கொள்ளையடிக்கப்பட்டது. துப்புத் தேடிய போலீசார் பொமோனா நகரில் ஓர் ஓட்டலை அடைந்தனர். இரவுக் குமாஸ்தா அறையைத் திறந்துவிட்டார். உள்ளே கைத்துப்பாக்கி கிடைத்தது. எனினும் அந்தச் சோதனை செல்லாதென்று தண்டனை நீக்கப்பட்டது. பெருக்குபவரும் பழுது பார்ப்பவரும் தத்தம் பணிக்காக அறைக்குள் வரலாம். அதனால் எவரையும் உள்ளே விடும் அதிகாரம் ஓட்டலுக்கு வந்துவிடாது என்பது தீர்ப்பின் சாரம். மாணவர் விடுதிகளைப் பல்லாண்டுகள் மேற்பார்த்தவன் நான். ஒவ்வோர் அறையின் மாற்றுச் சாவியும் அலுவலகத்தில் தொங்கும். அச்சாவி எதற்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்று எண்ணிப் பார்ப்பவர்க்கு இத்தீர்ப்பு எளிதில் விளங்கும்.

இருவர் சேர்ந்து வாழும் இல்லமாயின்? 1974இல் மேட்லாக் வழக்கில், அறையைக் கூட்டாகப் பயன்படுத்துவோருள் ஒருவர் தரும் இசைவு, அங்கில்லாத மற்றவரையும் கட்டுப்படுத்தும் என முடிவாயிற்று. 1990இல் நீதிமன்றம் மேலும் ஓரடி சென்றது. இசைவு தந்தவர் உண்மையில் அங்கு வாழாதவராயினும், வாழ்பவர் என்று போலீசார் நியாயமாக நம்பியிருந்தால் போதும் என்றது.

2006இல் ராண்டால்ப் வழக்கு. மனைவி ‘வாருங்கள்’ என்றார். வாயிலில் நின்ற கணவரோ மறுத்தார். எதிரில் நின்று மறுப்பவரை மீறி நுழைதல் கூடாதென்று தீர்ப்பாயிற்று. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் இதற்கு மாறுபட்டார். பிறருடன் பகிர்ந்து வாழ்பவர் அதனால் வரும் இடரையும் ஏற்றவராவார் என்றார். 2014இல் பெர்னாண்டஸ் வழக்கில், மறுத்தவர் கைதாகி அகன்றபின் உடன் வாழ்ந்தவர் தந்த இசைவு செல்லும் என்றாயிற்று. வாரண்டு பெற வாய்ப்பிருந்தும் பெறாமல் விட்டதை நீதிபதி கின்ஸ்பர்க் கடிந்து, மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

‘குற்றம் செய்தவனுக்கு ஏன் இத்துணைப் பாதுகாப்பு?’ என்று வகுப்பில் மாணவர் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். சோதனையால் பொருள் கிடைத்த வழக்குகளே பெரும்பாலும் நீதிமன்றம் ஏறுகின்றன. ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய சோதனைகளைப் பற்றி ஏடுகள் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அங்கும் ஒருவருடைய கடிதங்களும் துணிமணிகளும் கலைக்கப்பட்டிருக்கும். மேலும், சோதனையே கூடாதென்று எவரும் கூறவில்லை. காரணத்தை முதலில் நீதிபதியிடம் எடுத்துக் கூறுங்கள் என்பதே கோரிக்கை. நாளை நீங்கள் வாடகை அறையிலோ விடுதியிலோ வாழ்வீர்கள். உங்களுள் சிலர் போலீஸ் அதிகாரிகளாகவும் ஆவீர்கள். இரு சாராரும் அறியத்தக்க வரலாறு இது.