பொகொடைப் பாலமும் துறப்பணமும்

பதுளைக்கு அண்மையில், ஹாலி-எலையை அடுத்த பொகொடையில், கல்லந்த ஓயாவின் மீது ஓட்டுக்கூரை வேய்ந்த மரப்பாலம் ஒன்றுண்டு. 16ஆம் நூற்றாண்டினது என்பர். நீளம் ஏறக்குறைய 15 மீற்றர். பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய வழி இதன்மேற் சென்றது. இரும்பாணியின்றி மரமுளைகளாலேயே பொருத்தப்பட்டதென இதனைக் காண்போர் வியப்பர். வியப்பு முறையே, ஆயினும் முளையைப் புகழ்வோர் துளையை மறந்துவிடுகின்றனர். துளை கோணின் முளை பொருந்தாது, அகலின் நில்லாது, விளிம்பை அணுகின் மரமே பிளக்கும்.

மின்கருவி தோன்றுமுன் தச்சர்க்கு இவ்வேலையில் உதவியது வில் துறப்பணம். அலகு செருகிய தண்டில் வில்லின் நாணை ஒரு சுற்றுச் சுற்றி, தண்டின் தலையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் வில்லை முன்னும் பின்னும் இழுப்பர். தண்டு இருபுறமும் மாறி மாறிச் சுழலுமாதலின் அலகின் இருபக்கமும் தீட்டப்பட்டிருக்கும். அது மரத்தைச் சீவுவதன்று, சுரண்டுவது. ஆகவே சிறு துளைக்கே அது ஏற்றது. பெருந்துளையை உளிகொண்டு அகலிக்க வேண்டும். இக்கலையின் தொன்மை பெரிது. இன்றைய பாகிஸ்தானிலுள்ள மெஹர்கரில் கிடைத்த 11 மனிதப் பற்களில், 7,500 ஆண்டுகளுக்கு முன்னரே கல்லலகாற் துளையிடப்பட்டிருந்தமையை 2006இல் ஆய்வாளர் வெளியிட்டனர். பல்லைத் துளைத்த கைக்கு மரம் எம்மாத்திரம்!

நன்குலர்ந்த முளையைத் துளையினும் சற்றே பருமனாகச் செதுக்கி அடிப்பர். ஈரம் பட்டதும் அது பருத்து இறுகும். இரும்பாணியோ அதே ஈரத்தில் துருவேறி, தன்னைச் சூழ்ந்த மரத்தையும் அரித்துவிடும்.