முதுகெலும்பில் கை வைக்குமுன்: அஸ்ஸஹ்ராவி விட்டுச்சென்ற எச்சரிக்கை

முடிதிருத்தகத்தில் வேலை முடிந்ததும் கழுத்தைச் சட்டெனத் திருகி நெட்டி எடுப்பது நம் ஊர்களில் பழகிப்போன காட்சி. இடுப்பு பிடித்துக்கொண்டால் பிள்ளைகளை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும் நம் வீடுகளில் உண்டு. முதுகெலும்பை அழுத்தியும் இழுத்தும் வலி தீர்க்க முயன்ற வரலாறு மிகப் பழமையானது. அவ்வரலாற்றில் முஸ்லிம் மருத்துவர்களுக்கு உரிய இடத்தை நாம் பெருமையுடன் பேசுகிறோம். அவர்கள் விதித்த எல்லையையோ மறந்துவிட்டோம்.

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் நோயாளியைப் பலகையில் கவிழ்த்துக் கிடத்தி, இருபுறமும் இழுத்து, புடைத்து நிற்கும் முள்ளெலும்பை அழுத்தும் முறையை விவரித்திருந்தார். கிரேக்க மருத்துவ நூல்கள் அப்பாஸியர் காலத்தில் அரபியில் பெயர்க்கப்பட்டன. அவ்வறிவைப் பெற்று வளர்த்தவர்களுள் தலைசிறந்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. அந்தலூஸின் குர்துபா நகரை அடுத்த மதீனதுஸ் ஸஹ்ராவில் கி.பி. 936-ஆம் ஆண்டளவில் பிறந்த இவர், 1013-இல் மறைந்தார். இவருடைய ‘அத்தஸ்ரீஃப்’ 30 பகுதிகளைக் கொண்ட பெருநூல். அதன் இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்தையும் எலும்பு முறிவு, மூட்டு விலகல் ஆகியவற்றையும் பேசுகிறது.

பின்புறமாக விலகிய முள்ளெலும்புக்கு அவர் கூறும் சிகிச்சை இது: நோயாளியைக் கவிழ்த்துப் படுக்கவைத்து, மார்பிலும் இடுப்பிலும் கால்களிலும் துணிப்பட்டைகளைக் கட்டி, உதவியாளர்கள் தலைப்பக்கமும் கால்பக்கமும் இழுக்க, மருத்துவர் புடைத்த இடத்தைக் கையாலோ பலகையாலோ அழுத்த வேண்டும். முன்புறமாக விலகியதற்குச் சிகிச்சை இல்லை என்று அவர் ஒதுக்கிவிடுகிறார். முதுகெலும்பு விலகியபின் மலம் தன்னை அறியாமல் வெளியேறுவதும் உறுப்புகள் செயலிழப்பதும் பேராபத்தின் அறிகுறிகள் என்றும் எச்சரிக்கிறார்.

இத்தகைய கண்டிப்புக்குக் காரணம் உண்டு. உடற்கூற்றை அறியாதவன் இத்துறையில் கை வைக்கலாகாது என்று நூலின் முன்னுரையிலேயே வலியுறுத்தும் அவர், தாம் கண்ட துயரம் ஒன்றைச் சொல்கிறார். அறியாமையுள்ள மருத்துவர் ஒருவர் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியைக் கீறியபோது தமனிகளை வெட்டிவிட்டார். இரத்தம் பெருகி, அப்பெண் அவர் முன்னிலையிலேயே உயிர்விட்டாள்.

அதே காலத்தவரான இப்னு சீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில் தண்டுவடத்திலிருந்து கிளைக்கும் நரம்புகளை இணை இணையாக விவரித்தார். கழுத்தில் 8 இணைகள், மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்ற அக்கணக்கு இன்றைய பாடநூல்களோடும் ஒத்துப்போகிறது. பின்னர் 1465-இல் அனத்தோலியாவின் அமாஸ்யா நகரில் ஷரஃபுத்தீன் ஸாபுன்ஜுஓக்லு, முதுகெலும்பை இழுத்து அழுத்தும் சிகிச்சையை வண்ண ஓவியங்களுடன் துருக்கி மொழியில் பதிவுசெய்தார்.

அழுத்தும்போது உள்ளே நிகழ்வதை அண்மைக்கால ஆய்வுகள் விளக்குகின்றன. முதுகெலும்பை ஒட்டிய தசைகளுக்குள் நுண்ணிய உணர்விகள் உள்ளன. தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு விரைந்து நீள்கிறது என்பதை அவை நரம்புகளின் வழியே தண்டுவடத்துக்கு அறிவிக்கின்றன. பயிற்சி பெற்றவர் தரும் திடீர் அழுத்தம் ஒரு நொடியின் சிறு பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குள் அவ்வுணர்விகளிலிருந்து செய்திகள் பெருகிப் பாய, தண்டுவடத்தின் மறுமொழியாகத் தசைகள் ஒரு கணம் சுருங்குகின்றன. அதன்பின் சிலருக்கு வலியும் இறுக்கமும் சிறிது காலம் குறைகின்றன. ‘மடக்’ என்னும் ஓசை மூட்டு நீரில் வாயுக்குமிழி உருவாவதோடு தொடர்புடையது. விலகிய எலும்பு தன் இடத்தில் அமர்ந்ததற்கு அது சான்றன்று.

ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. கழுத்தெலும்புகளின் ஊடாக மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் ஓடுகின்றன. வேகமாகத் திருகும்போது அரிதாக அவை கிழிந்து பக்கவாதம் நேரிடக்கூடும். எலும்பு தேய்ந்த முதியவர்களுக்கு முறிவு ஏற்படலாம். முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போவது, கால் வலுவிழப்பது, தொடையிடுக்கு மரத்துப்போவது ஆகியவை காணப்பட்டால் எவரிடமும் முதுகைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அஸ்ஸஹ்ராவி அஞ்சிய அறிகுறிகளுள் சில இவற்றிலும் இருப்பதைக் கவனியுங்கள்.

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாவார் என்னும் கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அந்தப் பொறுப்புணர்வையே அஸ்ஸஹ்ராவியின் எழுத்தில் காண்கிறோம். அவருடைய பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், நம் பிள்ளைகளின் கழுத்தையும் பெற்றோரின் முதுகையும் யார் கையில் ஒப்படைக்கிறோம் என்பதை ஒருகணம் எண்ணிப்பார்ப்போம். உடல் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அதைப் பேணும் அறிவை அவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.