நிலக்கரிக்குள் ஒரு சதுப்பு நிலம்

மேரி ஸ்டோப்ஸ் என்றதும் குடும்பக் கட்டுப்பாடுதான் பலருக்கு ஞாபகம் வரும். 1921ல் லண்டனில் அதற்கென்றே கிளினிக் திறந்தவர். ஆனால் அம்மணி அடிப்படையில் தொல்தாவரவியல் ஆய்வாளர்! 1919ல், பட்டை பட்டையாகத் தெரியும் நிலக்கரியை விட்ரெய்ன், கிளாரெய்ன், டியூரெய்ன், ஃபியூசெய்ன் என நான்காகப் பிரித்தார். 1935ல், நுண்ணோக்கியில் தெரியும் அதன் கூறுகளுக்கு 'மாசரல்' என்று பெயர் வைத்தார். பாறைக்கு மினரல் போல, நிலக்கரிக்கு மாசரல்.

நிலக்கரி ஒரு காலத்தில் சதுப்பில் அரைகுறையாக மக்கிய தாவரக் குவியல், அதாவது பீட். நீரில் ஊறிக் கூழான மரம் விட்ரினைட் ஆனது. காய்ந்தோ கருகியோ போனது இனெர்டினைட். அப்படியென்றால் இரண்டின் விகிதத்தை வைத்தே சதுப்பு எவ்வளவு ஈரமாக இருந்தது என்று சொல்லிவிடலாமே? 1986ல் டீசல் (எரிபொருள் இல்லை, ஆள் பெயர்!) ஆஸ்திரேலியாவின் பெர்மியன் கால நிலக்கரியை வைத்து இப்படி இரண்டு குறியீடுகளை உருவாக்கினார். பல நாட்டுக்காரர்களும் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு இங்கேதான் இடிக்கிறது. இனெர்டினைட்டில் பெரும்பகுதி காட்டுத்தீ விட்டுச்சென்ற கரி என்று இன்று பலரும் ஏற்கிறார்கள். கரியைக் காற்றும் வெள்ளமும் அடித்து வந்து ஈரச் சதுப்பிலும் போடுமே? மரத்தின் தடயம் குறைவு என்றால் மரமே இல்லை என்றும் ஆகாது, பூஞ்சை தின்றிருக்கலாம். மலேசியாவின் தாசேக் பேரா சதுப்பில் இன்றைய பீட்டை எடுத்து ஒப்பிட்டவர்கள் 2001ல் சொன்னதும் இதுதான்: கண்ணெதிரே நிற்கும் காட்டோடு அந்தக் கணக்கு ஒத்துப்போகவில்லை.