கரும்புத் தீவுகளும் வில்லியனூர் மண்ணும்

சங்கராபரணிக் கரையில் திருக்காமீசுவரர் கோயிலைச் சூழ்ந்து விளங்கும் வில்லியனூரும், பெண்ணையாற்று நீரைப் பங்காரு வாய்க்கால் கொண்டுவந்து நிரப்பும் ஏரியால் செழித்த பாகூரும், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுக்காரர் வசமான நாள் முதல், நெல்லையும் வரியையும் பற்றிய கணக்குகளிலேயே பெரிதும் இடம்பெற்று வந்திருக்கின்றன. இந்த நாட்டுப்புறத்துக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. நிறத்தின் பெயராலும் பிறப்பின் பெயராலும் தாழ்த்தப்பட்ட ஜனங்கள் எதைப் பாடி உயிர் தரித்தார்கள் என்னும் சரித்திரம் அது.

1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்ததும், ரெயூனியன், மர்த்தினீக், குவாதலூப் தீவுகளின் தோட்ட முதலாளிகள், விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர் வெறுத்து விலகிய வேலைக்கு ஆள் வேண்டிப் புதுவை, காரைக்கால் துறைமுகங்களை நாடினர். பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் நைந்திருந்த குடியானவரையும் சேரி மக்களையும் ஆள்பிடிக்கும் தரகர்கள் திரட்டி, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கிக் கப்பலேற்றினார்கள். 1854 டிசம்பரில் ‘ஒரேலி’ என்னும் கப்பல் முதல் கூட்டத்தைக் குவாதலூப்பில் இறக்கியது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் அந்த ஒரு தீவுக்கு மட்டும் 40,000-க்கு மேற்பட்ட இந்தியர் போய்ச் சேர்ந்தனர். அவர்களில் ஊர் திரும்பியவர் சிறுபான்மையோரே.

கையில் ஒன்றுமில்லாமல் போனவர்கள் கூத்தைக் கொண்டு போனார்கள். திரௌபதியம்மன் கோயில் திடலில், பிடித்த திரைக்குப் பின்னிருந்து வேடக்காரன் குரலெடுக்க, மத்தளமும் முகவீணையும் அதனோடு சேர, விடிய விடிய நடக்கும் அந்தத் தெருக்கூத்து, ரெயூனியனில் சர்க்கரை ஆலைகளை ஒட்டி எழுந்த கோயில்களின் முன்னே மறுபிறவி எடுத்தது. தீமிதியும் உடன் சென்றது. தலைமுறைகள் கழிந்து வீட்டில் தமிழ்ப் பேச்சு மங்கிய பின்னும், பொருள் முழுதும் விளங்காத பாட்டுகளைப் பிரெஞ்செழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு அவர்கள் பாடினார்கள். பாரதக் கதை அவர்கள் நெஞ்சில் அத்தனை ஆழமாகப் பதிந்ததில் எனக்கு வியப்பில்லை. சபை நடுவே மானபங்கம் செய்யப்பட்டவளும், நாடிழந்து காடேகியவர்களும் அவர்களுக்குப் புராண பாத்திரங்களாகத் தோன்றியிருக்க மாட்டார்கள். வனவாசத்துக்கும் ஒரு கெடு உண்டு என்று அக்கதை சொல்லிற்று, கங்காணியின் சாட்டைக்குக் கெடு சொல்ல அங்கே வேறு எவரும் இருக்கவில்லை.

அந்தக் கெடுவைத் தம் உழைப்பால் நெருங்கச் செய்தவர், குவாதலூப்பில் ஒப்பந்தக் கூலிகளின் வம்சத்தில் 1863-இல் பிறந்த ஹென்றி சிதம்பரம். இந்திய வம்சத்தாருக்கு வாக்குரிமை வேண்டி 1904-இல் தொடங்கிய வழக்கை அவர் 1923 வரை விடாமல் நடத்திப் பிரஜா உரிமையை வாங்கித் தந்தார். மர்த்தினீக்கின் கறுப்பினக் கவிஞர் எமே செசேர் 1939-இல் வெளியிட்ட நெடுங்கவிதையில், உலகில் இழிவுபடுத்தப்பட்டோரின் வரிசையில் இந்தியனையும் தம்மோடு சேர்த்துப் பேசினார்.

தாய்நாட்டிலும் அவமதிப்பு குறைவாக இல்லை. காலணியோடு நீதிமன்றத்தில் நின்றது குற்றம் என்று 1873-இல் புதுவையில் தடுக்கப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றார். ஆங்கிலேயருக்குத் தப்பி 1908 முதல் 1918 வரை இங்கே அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார், பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற மாதருக்காகக் கண்ணீர் மல்கப் பாடியவர். அவருக்கு நிழல் தந்த இதே துறைமுகந்தான் முந்திய தலைமுறையில் வேறு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பியது என்பதை நினைக்கும்போது அப்பாட்டின் வேதனை எனக்கு இரட்டிப்பாகிறது.

பாரதியார் புதுவைக்கு வந்து ஏழாண்டு கழித்து, 1915-இல், வில்லியனூரில் பிறந்தவர் வாணிதாசன். பாகூரை அடுத்த சேலியமேட்டில் வாழ்ந்து, பள்ளி ஆசிரியராய்ப் பணிபுரிந்து, பாரதிதாசனைக் குருவாகக் கொண்ட அவர், பிரெஞ்சும் நன்கு கற்று விக்தோர் யூகோவின் கவிதைகளைத் தமிழாக்கினார். கூலிகளின் ஒப்பந்தச் சீட்டை எழுதிய மொழியிலிருந்தே ஏழைகளுக்காக வாதாடிய கவிஞனைத் தேடியெடுத்தது சிறந்த செயலென்றே கருதுகிறேன். 1949-இல் வந்த ‘தமிழச்சி’ முதலாகத் தம் நூல்களில் அவர் கிராமத்துப் பெண்ணையும் உழைப்பாளியையும் பாட்டுடைத் தலைமைக்கு உயர்த்தினார். ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டுக் களை பறித்தும் பெயரின்றி மறைந்த அந்த ஜனங்களின் சந்ததியார், அவர் வகுப்பறையில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள்.