வைட்டமின் டியும் முதியோரின் நோய் எதிர்ப்பாற்றலும்

வைட்டமின் டி எலும்புக்கு மட்டுமல்ல, நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் வேண்டிய சத்து. வெயிலிலுள்ள புற ஊதா பி கதிர் பட்டதும் தோல் இதை உண்டாக்குகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதைச் செயல்படும் வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன.

வயது ஏற ஏற இந்த உற்பத்தி சரிகிறது. மூலப்பொருளான 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் முதியோரின் தோலில் குறைந்துவிடுவதே காரணம். வீட்டோடு முடங்கியவர்களுக்குப் பற்றாக்குறை இன்னும் அதிகம்.

காசநோய்க் கிருமி நுரையீரலில் நுழையும்போது இச்சத்தின் வேலை துலக்கமாகத் தெரிகிறது. கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் அணு, இரத்தத்தில் வரும் வைட்டமின் டியைத் தானே செயல்வடிவமாக்கிக்கொண்டு, கேதலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தை உருவாக்குகிறது. 2006இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இதை விளக்கியது.

மாத்திரையாகக் கொடுத்தால் பலன் உண்டா? அமெரிக்காவின் 'வைட்டல்' ஆய்வில் 50 வயதைக் கடந்த 25,871 பேர் பங்கேற்றனர். தினமும் 2,000 அலகு வைட்டமின் டி பெற்றவர்களிடம், உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்கள் சுமார் ஐந்தாண்டில் 22 சதவீதம் குறைந்திருந்தன. ஆஸ்திரேலியாவின் 'டி-ஹெல்த்' ஆய்வு, 60 வயது தாண்டியவர்களுக்கு மாதம் 60,000 அலகு கொடுத்துப் பார்த்தது. இறப்பு விகிதம் குறையவில்லை.

எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அமெரிக்கப் பரிந்துரை நாளொன்றுக்கு 800 அலகு. அளவுக்கு மீறி, நீண்ட நாள் உட்கொண்டால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு ஏற்படலாம்.