காசல்ரீ, மவுசாகலை கரைகளில் கூடாரம்: போகுமுன் அறிந்திருக்க வேண்டியவை

கடந்த சில வருடங்களாக யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியாப் பக்கமிருந்து இளைஞர்கள் வான் பிடித்து ஹட்டனுக்கு வருகிறார்கள். நுவரெலியா நகரத்தில் ஹோட்டல் அறை எடுத்து, கிரகரி வாவியில் படகு ஓடி, ஸ்ட்ரோபரி வாங்கிக்கொண்டு திரும்பும் பழைய சுற்றுலா அல்ல இது. முதுகுப்பையில் கூடாரம், எரிவாயு அடுப்பு, ஒரு புளூடூத் ஸ்பீக்கர். போகும் இடம் பெரும்பாலும் காசல்ரீ, இல்லையென்றால் மவுசாகலை. இந்த இரண்டு நீர்த்தேக்கங்களைப் பற்றியும், அவற்றின் கரையில் இரவு தங்குவது பற்றியும் தமிழில் ஒரே இடத்தில் தகவல் இல்லை என்று சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். நான் இதுவரை மூன்று தடவை அங்கே கூடாரத்தில் தங்கியிருக்கிறேன்.

முதலில் அந்த நீர் என்ன நீர் என்று தெரிந்துகொள்வோம். பார்க்க இயற்கை ஏரி போலத்தான் இருக்கும். தேயிலை மலைகளுக்கிடையில் விரல் விரலாக நீர் புகுந்து கிடக்கும். ஆனால் இரண்டுமே மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய காசல்ரீ அணை 1965ஆம் ஆண்டிலும், மஸ்கெலி ஓயாவை மறித்துக் கட்டிய மவுசாகலை அணை 1969ஆம் ஆண்டிலும் செயற்படத் தொடங்கின. காசல்ரீ நீர் சுரங்கம் வழியாக விமலசுரேந்திர மின்நிலையத்துக்கும், அங்கிருந்து நோட்டன் குளத்துக்கும், பின்னர் பழைய லக்ஷபானவுக்கும் இறங்குகிறது. மவுசாகலை நீர் கெனியன், புதிய லக்ஷபான என்று போகிறது. கடைசியில் எல்லாம் பொல்பிட்டியவில் ஒருமுறை சுழலியைச் சுற்றிவிட்டு களனி கங்கையாகக் கொழும்புக்குப் போகிறது. இந்த மலைகளின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே ஆய்வுக் கட்டுரை வாசித்தவர். லக்ஷபானவின் முதல் கட்டம் இயங்கியது 1950ஆம் ஆண்டில்தான். அந்த மின்சாரம் கொழும்புத் தொழிற்சாலைகளுக்குப் போய்ப் பல வருடங்கள் ஆன பிறகும், அணைக்குப் பக்கத்து மலையிலிருந்த லயன்களில் பிள்ளைகள் குப்பி விளக்கில்தான் படித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மவுசாகலைக்கு அடியில் ஓர் ஊரே கிடக்கிறது. இப்போது நாம் பார்க்கும் மஸ்கெலியா நகரம் புதியது. பழைய நகரம் நீருக்குள். கடும் வரட்சிக் காலத்தில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோவில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் இடிபாடுகள் வெளியே தெரியும். அப்படித் தெரிகிற நாட்களில் ஊர்ச்சனம் இறங்கிப் போய்ப் பார்க்கும். கற்பூரம் கொளுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து போகிறவர்களுக்கு அது படம் எடுக்கும் இடம். தங்கள் ஊர்களை உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் விட்டுவிட்டு, இருபது முப்பது வருடம் கழித்துப் போய்ப் பார்த்தவர்களுக்கு, இடிந்த கோவிலின் படிக்கட்டில் ஒருவர் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நான் விளக்கத் தேவையில்லை.

எங்களிடம் ‘கேம்ப்’ என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இராணுவ முகாம், அகதி முகாம், 2009இல் மெனிக் பாம். தறப்பாளுக்குக் கீழே ஒரு வருடத்துக்கு மேல் படுத்த ஒருவருக்குக் காசு கொடுத்துக் கூடாரத்தில் படுக்கிற யோசனையே விசராகத் தெரியலாம். என் இரண்டாவது பயணத்தில் கூட வந்த நண்பர் ஒருவர் இரவு முழுக்கக் கூடாரத்துக்குள் போகவில்லை. கம்பளியைப் போர்த்துக்கொண்டு வெளியிலேயே இருந்தார். மழைச்சத்தம் தறப்பாளில் விழுவதைக் கேட்க முடியாது என்றார். அவரோடு வந்த தம்பிமாருக்கு அது விளங்கவில்லை, அவர்கள் 2009இல் கைக்குழந்தைகள். குழுவாகப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கரைக்கு அருகில் அறையோடு கூடிய சிறு விடுதிகளும் இருக்கின்றன.

இன்னொன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் இருக்கும் எத்தனையோ குடும்பங்களின் வேர் இந்த மலைகளில்தான். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. எழுபதுகளின் காணிச் சீர்திருத்தம், பட்டினி, 1977, 1983 வன்செயல்கள் என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு கூட்டம் வன்னிக்கு நடந்தது. பின்பு அதே குடும்பங்கள் வன்னிப் போருக்குள்ளும் அகப்பட்டன. ஆகவே உங்கள் வகுப்பில் படித்தவனின் அம்மம்மா கொழுந்து எடுத்த மலை, நீங்கள் கூடாரம் அடிக்கும் மேட்டுக்கு மேலேயே இருக்கலாம். பொகவந்தலாவை, நோர்வூட், சாமிமலைப் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள்.

சரி, எப்படிப் போவது? வடக்கிலிருந்து வருவோருக்கு வவுனியா, தம்புள்ளை, கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழி. கொழும்பிலிருந்து அவிசாவளை ஊடாக ஏ7 வீதி ஹட்டனுக்கு வருகிறது. ஹட்டனில் கடைசியாகச் சாமான் வாங்கிவிடுங்கள். அங்கிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியா போகும் பஸ்ஸில் ஏறினால் காசல்ரீ நீர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். வழியில் 1878ஆம் ஆண்டில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் கட்டிய வோர்லி தேவாலயம் நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கிறது. கல்லறைகளைப் படித்துப் பாருங்கள், துரைமாருக்குப் பெயரும் வயதும் உண்டு. அவர்களுக்குக் காடு வெட்டிக் கொடுத்துச் செத்தவர்களில் பெரும்பாலானோருக்கு அப்படி ஓர் இடம் இல்லை.

நோட்டன் பிரிஜ் பக்கம் போகிறவர்களுக்கு ஏழு கன்னியர் மலை தெரியும். 1974 டிசெம்பர் 4ஆம் திகதி இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த மார்ட்டினெயார் விமானம் அந்த மலையில் மோதி 191 பேரும் இறந்துபோனார்கள். பகலிலேயே அரைமணி நேரத்தில் மேகம் மூடிவிடும் மலை அது. தெரிந்த ஒருவர் துணையில்லாமல் ஏறாதீர்கள்.

காலநிலையைப் பொறுத்தவரை ஜனவரி முதல் மார்ச் வரைதான் நம்பக்கூடிய காலம். இரவில் நன்றாகக் குளிரும். யாழ்ப்பாணத்து மார்கழிக் குளிருக்கு எடுக்கும் போர்வை காணாது. ஏப்ரலில் பின்னேரம் இடிமழை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் செப்டெம்பர் வரை இந்த மேற்குச் சரிவு ஓயாமல் நனையும், நாட்டிலேயே அதிக மழை பெறும் பகுதிகளில் ஒன்றான வட்டவளை பக்கத்தில்தான் இருக்கிறது. ஒக்டோபர், நவம்பரில் மண்சரிவு. மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் போயா வரை சிவனொளிபாதமலைப் பருவம் என்பதால் வார இறுதிகளிலும் போயா நாட்களிலும் ஹட்டன் - மஸ்கெலியா வீதி நெரியும். வார நாட்களில் போனால் நிம்மதி.

மண்சரிவைப் பற்றி இரண்டு வரியில் தாண்டிப்போக முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் காலைப்பொழுதில் புதைந்தன. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் மலைநாடு முழுவதையும் உலுக்கியது. கூடாரத்துக்கு எல்லாரும் தேடுவது காட்சி நன்றாகத் தெரியும் சரிவின் விளிம்பை. மேலே வெட்டப்பட்ட மண், புதிதாகப் பிளந்த நிலம், சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அங்கே படுக்க வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். சுற்றுலாப் பயணியைப் பொறுத்தவரை மஞ்சளிலேயே வீட்டுக்குத் திரும்புவதுதான் சரி. லயனில் இருப்பவருக்குத்தான் போக வேறு இடமில்லை.

நீரிலும் ஆபத்து உண்டு. இது மின்சார சபையின் நீர்; தேவைக்கேற்ப நீர்மட்டம் ஏறும், இறங்கும். இறங்கிய காலத்தில் தெரியும் கரை உறுதியான நிலம் போலக் காய்ந்து வெடித்திருக்கும், உள்ளே இடுப்பளவு சேறு. நீருக்கடியில் பழைய தேயிலைச் செடிகளின் கட்டைகள். நீந்தத் தெரிந்தவர்களே இங்கே மாண்டிருக்கிறார்கள், பலர் குடித்திருந்தார்கள். அணைக்குக் கீழே உள்ள ஆற்றுப்படுகையில் மட்டும் ஒருபோதும் கூடாரம் அடிக்காதீர்கள். மேலே மலையில் பெய்த மழைக்குக் கீழே வான்கதவு திறக்கும்; உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரிந்துகொண்டிருக்கும்போதே வெள்ளம் வரும். அணைக்கட்டு, மின்நிலையம் அருகே படம் எடுப்பது, ட்ரோன் பறக்கவிடுவது வேண்டாம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும், அது தொல்லை மட்டும்தான். உண்மையில் பயப்பட வேண்டியது குளவிக்கு. தேயிலை மலைகளில் குளவி கொட்டித் தொழிலாளர்கள் இறக்கும் செய்தி அடிக்கடி வருகிறது. பெரிய மரத்தடியில் தீ மூட்டிப் புகை எழுப்பினால் கூடு கலையும்; அடுத்த நாள் காலை அதே மரத்தடியில் கொழுந்து எடுக்க வரும் பெண்களைத்தான் அது தாக்கும். சிறுத்தை பற்றிக் கேட்கிறார்கள். இருக்கிறது. இரவில் தோட்டத்து வழியாக நடமாடும், மனிதரைத் தேடி வராது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்குக் கம்பியில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தது நினைவிருக்கலாம். எஞ்சிய இறைச்சியை வெளியே போடாதீர்கள். சிறுத்தைக்கு முன் நாய்கள் வரும், நாய்களைத் தேடித்தான் சிறுத்தை வரும்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புவது தண்ணீர் பற்றி. லயன்களுக்குக் குடிதண்ணீர் பெரும்பாலும் மலையூற்றிலிருந்து குழாய் வழியாகப் பீலிக்கு வருகிறது. சுத்திகரிப்பு ஒன்றும் கிடையாது. கூடாரம் அடிக்கும் இடமோ பெரும்பாலும் ஊற்றுக்கு மேலே. நான் தங்கிய ஓர் இடத்தில் மலசலகூடக் குழாயை நேரே ஓடைக்குள் விட்டிருந்தார்கள். நடத்தியவரிடம் கேட்டதற்கு, ஓடை கீழேதானே போகிறது என்றார். கீழே ஐம்பது யார் தூரத்தில் லயன். ஆகவே முன்பதிவு செய்யும்போது விலையைக் கேட்பதற்கு முன் மலசலகூடக் குழி எங்கே, குப்பை எங்கே போகிறது என்று கேளுங்கள். ஓடையிலிருந்து நூறு அடியாவது தள்ளிக் குழி வெட்டுங்கள், சவர்க்காரத்தை ஓடையில் கழுவாதீர்கள். நீங்களும் ஓடை நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். மலைக்கு மருந்தடித்த நாட்களில் கொதிக்க வைத்தாலும் வேண்டாம். போத்தல் உடைத்துப் போடுவது பற்றிச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. செருப்பில்லாமல் மலை ஏறுகிறவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.

யாருடைய காணியில் தங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். தோட்டக் காணி அரசுடையது. 1992க்குப் பிறகு பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு 2045 வரை குத்தகைக்குப் போயிருக்கிறது. கரையோரம் மின்சார சபையோடு சம்பந்தப்பட்டது. ஆறேழு தலைமுறையாக அங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலானோரிடம் வீட்டுக்கே உறுதி இல்லை. ஏழு பேர்ச் காணிக்காக இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். துரை பங்களாக்கள் 2005 முதல் இதே காசல்ரீயைச் சுற்றி மிக உயர்ந்த விலைச் சுற்றுலா விடுதிகளாகிவிட்டன. ஆனால் லயனில் பிறந்த இளைஞர் நான்கு கூடாரம் வாங்கித் தொழில் தொடங்கினால், வங்கிக் கடன் என்று போகும்போதே காணி ஆவணம் எங்கே என்ற கேள்வியில் நின்றுவிடுகிறார். அதனால் பலர் வெளியாரின் பெயரில் நடக்கும் இடங்களில் கூலிக்கு வேலை செய்கிறார்கள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு கூடாரத்துக்கு ஓர் இரவுக்கு நீங்கள் கொடுக்கும் காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் யோசனை, உள்ளூர்க்காரர் நேரடியாக நடத்தும் இடத்தைத் தேடுங்கள். சாப்பாட்டை ஹட்டனிலிருந்து பொதி கட்டிக்கொண்டு போகாமல் லயன் வீடொன்றில் ரொட்டியும் கட்டச்சம்பலும் செய்து தரச் சொல்லுங்கள். முன்நாளே சொன்னால் செய்வார்கள், சொன்ன காசைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கொழுந்து எடுக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நிறுவை குறைந்தால் சம்பளம் குறையும், நின்று சிரிக்க அவர்களுக்கு நேரமில்லை. அவர்களை அக்கா என்று கூப்பிடலாம். “ஏய் தோட்டம்” என்று கூப்பிட்டதை என் காதால் கேட்டேன், கூப்பிட்டது நம் பக்கத்துப் பொடியன்தான்.

இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஸ்பீக்கரை நிறுத்திவிடுங்கள். நீருக்கு மேலே சத்தம் அடுத்த கரை வரை போகும், அங்கே விடியற்காலையில் எழும்பிப் பிரட்டுக்குப் போக வேண்டியவர்கள் படுத்திருக்கிறார்கள். தொலைபேசிச் சமிக்ஞை பள்ளங்களில் கிடைக்காது. ஆகவே போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இடர் முகாமைத்துவ மத்திய நிலையத்தின் இலக்கம் 117, நோயாளர் காவு வண்டிக்கு 1990, பொலிசுக்கு 119. கிளம்பும் நாள் காலையில் மழை எச்சரிக்கையை இன்னொரு முறை பாருங்கள்.